என் மேல் நானே எழுதிய பிராது

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, வம்பே அதனால்தான் வந்தது. கல்யாணமாகி ஏழாவது மாதம், என் மாமியாரின் நெஞ்சுவலிக்கு நான்தான் காரணம் என்று கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது போனது. எழுதிக் கொடுத்தது நான்.

வெளியூர்க்காரர்களுக்கு விளங்கச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிறது அந்தக் கோயில். அங்கே வேண்டிக்கொள்வது ஒரு வகை, பிராது கட்டுவது இன்னொரு வகை. போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதுபோல, இன்னார் எனக்கு இன்ன கெடுதல் செய்தார், தீர்த்துவையுங்கள் என்று காகிதத்தில் எழுதி, பூசை வைத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். மூன்று மாதத்துக்குள் நியாயம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. கிடைத்ததும் திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும், அதற்கும் எழுதித்தான் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சாமிக்குக்கூட வாய்ப்பேச்சு செல்லாது.

இது எண்பதுகளின் கடைசியில் நடந்தது. நான் ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம். எங்கள் வீட்டில் சட்டிபானை வேலையை விட்டு இரண்டு தலைமுறையாகி, நெல், மல்லாட்டை என்று வயலோடு போய்விட்டார்கள். வாழ்க்கைப்பட்ட விருத்தாசலத்து வீட்டில் சக்கரம்தான் போயிருந்தது, மண் போகவில்லை. மாமனார் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் சூளை அடுக்குகிறவர். அத்தைக்கும், அதாவது என் மாமியாருக்கும், அதே கம்பெனியில் வேலை. என் கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வெளியில் ஊருக்கே கேட்கிற மாதிரி விசில் ஊதுகிற மனிதருக்கு, அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்றால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து என்னையும் கம்பெனிக்குக் கூட்டிப்போய் அத்தை தன் எதிரில் உட்காரவைத்தார். வெள்ளைக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். இறுகியபின் அச்சைப் பிரித்தால் பொம்மை வரும். அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில், காதோரம், தோளோரம் எல்லாம் மெல்லிசாகப் பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சீவுவது அத்தை. சீவியதை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது நான். சீவின பிசிறு மடியில் விழும். சாயங்காலம் அதை வாரி, கரைக்கிற தொட்டியிலேயே திரும்பப் போட வேண்டும்.

நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அத்தையின் தாடை ஆடிக்கொண்டே இருக்கும். வெள்ளை மண்ணில் கறை படும் என்று கம்பெனிக்குள் வெற்றிலை போட விடமாட்டார்கள். வெற்றிலையும் இல்லாமல் வாய் அசைகிறது என்றால், என்னைத்தான் உள்ளுக்குள் திட்டுகிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். பதிலுக்கு நானும் என் பாட்டுக்கு மனசுக்குள் திட்டிக்கொண்டே பொம்மை துடைத்தேன். எத்தனை பொம்மைகள் என் வசவைக் கேட்டபடி கொலுவுக்குப் போயினவோ தெரியாது.

நெஞ்சுவலி முதலில் வந்தது ரயில்வே நடைபாலத்தில். எங்கள் வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், வேலைக்குப் போகிற வழி அந்தப் பக்கம். பாதிப் படி ஏறியதும் அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நெஞ்சில் யாரோ அம்மியைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறதாம், இடது கை கனக்கிறதாம். கொஞ்ச நேரம் நின்றதும் சரியாயிற்று. மறுநாளும் அதே படியில் அதே வலி. பிறகு குடம் தூக்கினால் வந்தது, மாவாட்டினால் வந்தது.

மாமனாருக்கு உலகத்தில் ஒரே ஒரு வியாதிதான் உண்டு, வாயு. காலில் முள் குத்தினாலும் வாயு என்பார். கோலி சோடா வாங்கிவந்து கொடுத்தார். எதிர்வீட்டு அக்கா அந்தத் தெருவுக்கே கம்பவுண்டர். அவர் சொல்லி மருதம்பட்டைக் கஷாயம் வைத்தோம், செம்பருத்திப்பூ தின்னக் கொடுத்தோம், பூண்டைப் பாலில் வேகவைத்தோம். அத்தை ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் குடித்துவிட்டு மறுநாள் அதே படியில் நின்றார்.

கடைசியில் டாக்டரிடம் போனோம். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார். இதயத்துக்கு ரத்தம் போதவில்லை, ஆஞ்சைனா என்றார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். எண்ணெய் வேண்டாம், கொழுப்பு வேண்டாம், உப்பைக் குறையுங்கள் என்றார். எங்கள் வீட்டில் டாக்டர் ஒன்று சொன்னால் நாங்கள் நாலாகச் செய்வோம். கறி நின்றது, ஈரல் நின்றது, முட்டை, கருவாடு எல்லாம் நின்றது. முருங்கைக்கீரைகூட எண்ணெய் குடிக்கும் என்று நின்றது. உப்பில்லாத ரசத்தை ஊற்றிக்கொண்டு என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. இவ்வளவு பத்தியத்திலும் அத்தை நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனார்.

மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும் இல்லையா? எதிர்வீட்டு அக்கா அதையும் கண்டுபிடித்தார்.

"இருவத்தஞ்சு வருஷமா கல்லாட்டம் இருந்த பொம்பள. மருமவ வந்து ஏழு மாசத்துல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. நான் யாரையும் சொல்லல. காலத்தச் சொல்றேன்."

காலம் அப்போது அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

அத்தைக்கு இந்தக் காரணம் பிடித்துப்போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை பிராது கட்டுவது என்று முடிவானது. கோயிலில் எழுதிக் கொடுக்க ஆள் உண்டு. ஆனால் வீட்டு விஷயம் வெளியாளுக்குத் தெரியக்கூடாது என்று அத்தைக்குக் கண்டிப்பு. வீட்டில் அழகாக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"எழுதுடி. எம்மருமவ வந்த நேரத்துலேர்ந்து எனக்கு நெஞ்சு வலி. சாமிதான் தீத்து வெக்கணும்."

எழுதினேன். கை துறுதுறுத்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, என்ன எழுதினாலும் தெரியப்போவதில்லை. ஆனால் சாமிக்குப் படிக்கத் தெரியுமே என்று அப்படியே எழுதினேன். எழுத்துப் பிழைகூட விடவில்லை. அத்தை கட்டைவிரலை மையில் தொட்டு ரேகை வைத்தார். விரலைப் பிடித்து அழுத்தியது நான்தான். நகம் நடுவில் குழிந்து கரண்டி மாதிரி இருந்தது. இது என்ன நகம் என்று நினைத்தேனே தவிர, கேட்கவில்லை. கேட்கிற மனநிலையிலும் நான் இல்லை.

வேலில் கட்டிவிட்டுத் திரும்பி வரும்போது அத்தை சொன்னார்: "மூணு மாசத்துல தீரலன்னா நீ கொஞ்ச நாளு ஒங்கம்மா வூட்ல போயி இரு." கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கணவரைப் பார்த்தேன். அவர் பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். இருபது வயதில் பெட்டியோடு அம்மா வீட்டு வாசலில் போய் நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஐந்து வாரம் போயிருக்கும். ஒரு காலை நடைபாலத்தின் உச்சிப் படியில் அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. பேச்சு வரவில்லை, இடுப்பைக் காட்டினார். இடுப்பில் சுருக்குப்பை இருந்தது, மாத்திரை அதற்குள் இருக்கிறது என்று புரிந்து பையைப் பிரித்தேன். விரலுக்கு முதலில் அகப்பட்டது மாத்திரை இல்லை, வெள்ளையாக நாலைந்து துண்டு. காய்ந்த பிசிறு. இரண்டு சுருள், ஒரு நீளத் துண்டு, முழுசாக ஒரு பொம்மையின் காது. அந்தக் காதில் பல் பதிந்திருந்தது.

மாத்திரையைத் தேடி எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். கீழே சரக்கு ரயில் ஒன்று போய் முடிந்தது. மூச்சு திரும்பியதும் அத்தை என் கையிலிருந்து பையைப் பிடுங்கினார்.

"பல்லு வெளக்க வெச்சிருக்கேன்" என்றார்.

"செரிங்க அத்த" என்றேன்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. இத்தனை மாதமாக ஆடின தாடை என்னைத் திட்டவில்லை. மடியில் விழுந்த பிசிறை ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. நான் பதிலுக்குத் திட்டினதெல்லாம் வீண்.

அதன்பிறகு கவனித்துப் பார்த்தேன். பொம்மையைத் திருப்புகிற சாக்கில் கை வாய்க்குப் போய்வரும். ஈர மண்ணை விடக் காய்ந்தது பிடிக்கும் போலிருக்கிறது, சிலதை ஜன்னல் விளிம்பில் காயவைத்தும் வைப்பார். ஆனால் மண் தின்பதற்கும் நெஞ்சு வலிப்பதற்கும் முடிச்சுப் போட எனக்கு அப்போது தெரியாது. வயிறு வலித்தால் சரி, நெஞ்சு எதற்கு வலிக்கும்? யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் மாமியாரை மண்ணு தின்னி என்று சொன்ன மருமகள் என்று இன்னொரு பிராது போகும். அதையும் நான்தான் எழுத வேண்டியிருக்கும்.

வலி அடிக்கடி வர ஆரம்பித்ததும், புதுச்சேரிக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நாலு பேரும் பஸ் ஏறினோம். அங்கே ஒரு டாக்டரம்மா, என்னை விட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார். ஈசிஜி காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அத்தையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கையைப் பிடித்து நகத்தையே வெகுநேரம் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். ரிசல்ட் வந்ததும் எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"ஒடம்புல இருக்க வேண்டிய ரத்தத்துல பாதிகூட இல்லம்மா. ரத்தம் இவ்ளோ தண்ணியா இருந்தா நல்ல இதயமே வலிக்கும். அது என்னா பண்ணும் பாவம்? சாப்பாடு தவிர வேற எதனா திங்குற பழக்கம் இருக்குதா? மண்ணு, சாம்பலு, பச்சரிசி, விபூதி?"

அத்தைக்கு முகம் சிவக்க ரத்தம் இல்லை, இல்லையென்றால் சிவந்திருக்கும். "என்னா டாக்டரம்மா, நான் என்னா கைக்கொழந்தையா?"

"இல்லன்னா செரி. ரத்தம் ஏத்தி, இரும்புச்சத்து மாத்திர தரேன். அதுலயும் புடிக்கலன்னா மெட்ராஸுக்கு அனுப்பி நெஞ்சுக்குள்ள ஒயரு வுட்டுப் பாக்கணும்."

ஒயர் என்றதும் மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் கை சேலைக்கு மேலாகவே இடுப்பிலிருந்த சுருக்குப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது. புருஷனும் பிள்ளையும் நிற்கிற இடத்தில் அந்த வாய் திறக்காது. திறக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி அதே பிசிறை மெல்லுவார், வலி தீராது, இந்த அம்மாள் ஒருநாள் அந்தப் பாலத்தின் உச்சியிலேயே போய்விடுவார். அதற்கும் நான்தான் காரணம் என்பார்கள். எனக்குக் கோபமாக வந்தது. அதை விட அதிகமாக, அவர் செத்துப்போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. அந்த பயம் எனக்கே ஆச்சரியம்.

"டாக்டரம்மா, நான் மண்ணு தின்னுவேன்" என்றேன்.

என் கணவர் அந்த வருஷத்திலேயே முதல்முறையாகக் குரல் உயர்த்தி "ஏய்" என்றார். மாமனார் "வாயு புடிச்சிக்கும்டி" என்றார். அத்தை மட்டும் தரையைப் பார்த்தார்.

"கம்பெனில பொம்ம மண்ணு. வாசன நல்லாருக்கும், வாய் வுடாது. அதுனால எனக்கும் நெஞ்சு வலி வருமா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா எழுந்துவந்து என் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் செக்கச்செவேல் என்று இருந்திருக்கும். என் நகத்தைப் பார்த்தார். ஒருதரம் அத்தையின் பக்கம் திரும்பினார், ஒருதரம் என் முகத்தைப் பார்த்தார். கெட்டிக்காரி. முகத்தில் ஒன்றும் காட்டாமல், என்னைப் பார்த்துக்கொண்டே, அத்தைக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"வரும்மா. ரத்தம் கொறைஞ்சா மண்ணு திங்கணும்னு ஆச வரும். மண்ணு தின்னா சாப்பாட்டுல இருக்குற சத்து ஒடம்புல ஒட்டாது, ரத்தம் இன்னும் கொறையும். அப்ப இன்னும் திங்கத் தோணும். இது கெட்ட குணம் இல்ல, நோயி. வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மாத்திரயும் போட்டு மண்ணும் தின்னா, மாத்திரய குப்பையில போடுற மாதிரிதான். இன்னியோட வுட்டுடணும். வுட்டா ரெண்டு மாசத்துல படி ஏறலாம்."

"வுட்டுடுறேன் டாக்டரம்மா" என்றேன் நான், தலையைக் குனிந்துகொண்டு.

ஈரலும் முட்டையும் கீரையும் சாப்பிடச் சொன்னார். நாங்கள் பக்தியாக நிறுத்தி வைத்திருந்ததெல்லாம் மருந்துச் சீட்டில் வரிசையாக வந்தது. அத்தையைப் படுக்கையில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். ஆண்கள் இருவரும் டீ குடிக்கப் போனபோது நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அத்தை வெகுநேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்ல வாயைக்கூடத் தயார் செய்துகொண்டேன்.

"டாக்டரம்மா சொன்னத ஒழுங்கா கேட்டுக்கிட்டியா? இனிமே நீ அதத் தொடக்கூடாது" என்றார்.

என்ன நெஞ்சழுத்தம்! நோயே அந்த நெஞ்சுக்குத்தான் என்பதை ஒரு நிமிஷம் மறந்துபோனேன்.

"செரிங்க அத்த" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுருக்குப்பையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "இதுல இருக்குறதக் கொட்டிட்டு வந்துடு." ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு செடியின் அடியில் கொட்டினேன். பல் பதிந்த காது அதிலும் ஒன்று இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அத்தை சீவுகிற வேலையை வேண்டாம் என்று சொல்லி, சுட்ட பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற பக்கம் போய்விட்டார். வைக்கோலைத் தின்ன மாட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். கத்தி என் கைக்கு வந்தது. கூடவே பேரும் வந்தது. மாமனார் சொல்லியிருப்பார், கம்பெனி முழுக்க நான் மண்ணு தின்னி. பொம்மைக்கு மூக்கு உடைந்திருந்தால் என்னைப் பார்த்தார்கள். முதலாளி போகிறபோக்கில் என் மடியைப் பார்த்துவிட்டுப் போவார். சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒரு உருண்டைக் களிமண்ணை என் தட்டில் வைத்து, "ஊறுகா இல்லாம எறங்காதே" என்பார்கள். பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. எல்லாரும் சிரிக்கும்போது, வைக்கோல் பக்கத்திலிருந்து அத்தையும் சிரித்தார்.

இரண்டு மாதத்தில் அத்தைக்கு முகத்தில் நிறம் வந்தது. நடைபாலத்தில் முதலில் ஒரு இடத்தில் நின்றார், பிறகு நிற்கவில்லை. ஒருநாள் எனக்கு முன்னால் ஏறி உச்சியில் நின்று, "என்னாடி ஆமையாட்டம் வர" என்றார். திரும்ப எடுத்த ஈசிஜியில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை டப்பாவோடு கிடந்தது.

எதிர்வீட்டு அக்காவுக்கு இதற்கும் காரணம் தெரியும். "பிராது கட்டுனதுலதான் தீந்துச்சு. மருமவ கொண்டாந்த பீடைய சாமி எடுத்துடுச்சு பாரு." தெருவே ஆமாம் என்றது. நோய் வந்தபோது என் மேல் இருந்தது சந்தேகம்தான். நோய் தீர்ந்ததும் அது நிரூபணமாகிவிட்டது. அன்று சாயங்காலம் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். என் கையெழுத்திலேயே ஒரு பழி அந்த வேலில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதை எப்படி அழிப்பது என்று தெரியவில்லை.

வாபஸ் வாங்கப் போகிற வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் மாமனாரும் கணவரும் கிளம்பி நின்றார்கள். எதிர்வீட்டு அக்காவும் கூட வருவதாகத் தலை சீவிக்கொண்டு வந்து நடையில் உட்கார்ந்திருந்தார். அத்தை பாய் விரித்து உட்கார்ந்து, காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"எழுதுடி."

பேனாவைத் திறந்தேன். மருமகள் கொண்டுவந்த பீடை தொலைந்தது, சாமிக்கு நன்றி. இதைத்தான் சொல்வார் என்று மனசுக்குள் முதல் வரியைக்கூட எழுதிவிட்டேன்.

"எனக்கு நெஞ்சு வலி வந்தது எம்மருமவளால இல்ல."

பேனா நின்றுவிட்டது.

"எழுதுறியா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா? நான் கம்பெனி மண்ண மூணு வருஷமா திருட்டுத்தனமாத் தின்னேன். அதுனாலதான் வந்துச்சு. எம்மானத்தக் காப்பாத்த எம்மருமவ, தான் தின்னதா ஆஸ்பத்திரில சொன்னா. அவ மேல நான் குடுத்த பிராது தப்பு. அத வாபஸ் வாங்கிக்கிறேன். போட்டுட்டியா? இப்ப அல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

படித்தேன். மாமனார் வாயு என்று சொல்லவில்லை. கணவர் என்னைப் பார்த்தார், இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டைத் தேடவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து எழுந்து போனார்.

அத்தை கட்டைவிரலை நீட்டினார். மையில் தொட்டு, பிடித்து அழுத்தினேன். நகத்தின் அடிப்பாதி நேராக வளர்ந்து வந்திருந்தது. நுனியில் மட்டும் இன்னும் கொஞ்சம் பள்ளம் இருந்தது.

எனக்கு உடனே வாய்த்துடுக்கு திரும்பிவிட்டது. "அத்த, கீழ கொஞ்சம் எடம் இருக்குது. மருமவ நல்லவன்னு ஒரு வரி சேத்துக்கவா?"

"அது சாமிக்கே தெரியும். மை காயறதுக்குள்ள மடிக்காத, கெளம்பு" என்றார் அத்தை.